சுவைப் பிரதிநிதி

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் உள்ள ஒரு திருமண மண்டபத்தின் மாடியில், காவிரிப் படுகை அயல்ரசனை மன்றத்தின் முதல் சுவையறி கூட்டம் நடைபெற்றது. இருபத்திரண்டு உறுப்பினர்கள் கலந்துகொண்டனர். ஒரு பாட்டில் பிரெஞ்சு ஒயின் திறக்கப்பட்டது. உறுப்பினர் எவரும் அதைக் குடிக்கவில்லை.

குடித்தவர் கிளாட்சன். லுத்தரன் சபை ஒன்று நடத்தும் நடுநிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியர். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறவிருந்தார். பணிமூப்பில் அடுத்த பெயர் கிளாட்சனுடையது. சேர்ந்த நாள் முதல் அவருக்குச் சாப்பாட்டு மணிக்கு அடுத்த வகுப்புதான். சோறு உண்ட மயக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பின்னத்தைப் பின்னத்தால் வகுத்துக் காட்டியே தலை நரைத்துவிட்டது. தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கணக்கைக் காலை வகுப்பாக மாற்றுவது என்று வைத்திருந்தார். அதற்கு மேல் ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாக அவருடைய மனைவி ஜாஸ்லினுக்கே தெரியாது.

மன்றம் பிறந்த காரணம் எளிது. தஞ்சாவூரில் வசதியான வீடுகளில் பாதிக்கு மேல் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. பிரான்சில் இருக்கும் பிள்ளை ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு பாட்டில் கொண்டுவருகிறது. அப்பா கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கிறார், அல்லது ஏதோ ஒரு சங்கத்தின் தலைவராக இருக்கிறார். குடித்தால் பெயர் கெடும். கொட்டினால் பிள்ளை வருத்தப்படும். ஆகவே பாட்டில் பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கும் அந்துருண்டைகளுக்கும் நடுவே பல ஆண்டுகள் நிற்கிறது. இப்படி நின்றுகொண்டிருந்த பாட்டில்களை ஒரு நாள் நடைப்பயிற்சியின்போது கணக்கெடுத்தார்கள். ஊரில் இவ்வளவு பிரெஞ்சுப் பண்பாடு முடங்கிக் கிடக்கிறதே என்று மனம் வெதும்பி மன்றம் கண்டார்கள்.

தலைவர் ராஜராஜன், பாசனத் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் சூர்யபிரகாஷ், அரிசி ஆலை முதலாளி. செயலாளர் நடராசன், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். விதிமுறைகளைத் தலைவரே எழுதினார். முதல் விதி, மன்றத்தின் நோக்கம் பிரெஞ்சு ஒயின்களைச் சுவைத்துக் கருத்துகளைப் பதிவு செய்தல். இரண்டாம் விதி, உறுப்பினர் எவரும் அருந்தக் கூடாது. இரண்டுக்கும் இடையில் இருந்த பள்ளத்தில் பாலம் போடுவதற்கு மூன்றாம் விதி வந்தது: உறுப்பினர் அல்லாத ஒருவர் சுவைப் பிரதிநிதியாக இருந்து அருந்துவார்; உறுப்பினர்கள் அவருடைய முகத்தைப் பார்த்துச் சுவையை அறிந்து எழுதுவார்கள்.

பிரதிநிதியைத் தேடும் பொறுப்பு நடராசனிடம் வந்தது. அவர் வேறெங்கும் தேடவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

நடராசனுக்கும் கிளாட்சனுக்கும் இடையில் ஒரு மதில்தான். நடராசனின் மகள் வானதிக்கு ஆறாம் வகுப்பிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் கிளாட்சன். வானதி இப்போது பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு காலை கிளாட்சனை லுத்தரன் கோயிலில் இறக்கிவிடுவது நடராசனின் ஸ்கூட்டர். நடராசனின் மனைவிக்குச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் கூட இருந்தது ஜாஸ்லின்.

“உங்க கோயில்லயே ஒயின் கொடுக்கிறாங்கல்ல தம்பி. உனக்கு அது பாவமும் இல்லை, பழக்கமும் இருக்கு” என்றார் நடராசன்.

“அண்ணே, அது திராட்சையைக் காய்ச்சின சாறு. ஒரு மடக்குகூட வராது.”

“அது போதுங்கிறேன். எங்ககிட்ட அதுவும் இல்லையே.”

பள்ளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கிளாட்சன் கேட்டார். ஊரின் பெரிய மனிதர்கள் நடத்தும் மன்றம், சுற்றிலும் பொறியாளர், மருத்துவர், ஆலை முதலாளி, இதில் தவறாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நடராசன் விளக்கினார். அப்படியே யாராவது கேட்டாலும், “நான் இருக்கேன்ல” என்றார். நடராசன் அப்படிச் சொன்னபின் கிளாட்சன் எதையும் மறுத்ததில்லை.

முதல் கூட்டத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று போய், ஒயினை நன்கொடையாக அளித்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாட்டிலின் கழுத்தில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மேடையின் நடுவில் ஒரு மணமக்கள் நாற்காலி போடப்பட்டிருந்தது. அதில் கிளாட்சனை உட்காரவைத்து, கல்யாண வீடியோவுக்குப் பிடிக்கும் விளக்கை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினார்கள். உறுப்பினர்கள் அட்டையும் பேனாவுமாக முன்னால் அமர்ந்தார்கள். முன்வரிசை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டது.

பிள்ளைகள் பலகையைப் பார்ப்பதுபோல் இத்தனை பேர் தன்னை உற்றுப் பார்ப்பது கிளாட்சனுக்கு ஆசிரியர் வேலையில்கூட வாய்க்காத அனுபவம். சிவப்பாக இருந்தது; போர்தோ என்று சொன்னார்கள். ஒரு வாய் குடித்தார். நாவல்பழம் தின்றால் நாக்கு இழுக்குமே, அப்படி இழுத்தது. மரியாதைக்காக, “கொஞ்சம் துவர்ப்புங்க” என்றார்.

அரங்கில் சலசலப்பு எழுந்தது. பிரதிநிதி வாய் திறந்து கருத்துச் சொல்வது மற்றவர்களின் ரசனையைப் பாதிக்கும் என்று சூர்யபிரகாஷ் ஆட்சேபித்தார். குடித்தவரின் சொந்த அபிப்பிராயம் எப்படி நடுநிலையாக இருக்க முடியும் என்று இன்னொருவர் கேட்டார். பிரதிநிதி கூட்டம் முடியும்வரை பேசக் கூடாது என்ற நான்காம் விதி அந்த இடத்திலேயே நிறைவேறியது.

பிறகு ராஜராஜன் தம் அட்டையை வாசித்தார். மேட்டூர் திறந்து கல்லணைக்கு வந்து சேரும் முதல் தண்ணீரில் இருக்கும் வண்டலின் கம்பீரம் இந்த ஒயினில் இருப்பதாக எழுதியிருந்தார். கிளாட்சனின் இடது புருவம் உயர்ந்து தாழ்ந்த வேகத்தில் அது தெரிந்ததாம். டாக்டர் பரிதி என்ற இருதய மருத்துவர், விழுங்கும்போது தொண்டை ஒருமுறைதான் அசைந்ததால் இது பழைய ஒயின் என்றார். கைதட்டினார்கள். கிளாட்சனும் தட்டினார்.

இரண்டாம் கூட்டத்துக்கு மருத்துவர் ஒரு கருவியோடு வந்து கிளாட்சனின் விரலில் மாட்டினார். நாடித் துடிப்பை உரக்கப் படித்தார்கள். சிலர் குடிக்காவிட்டாலும் முகர்ந்தாவது பார்க்கலாமே என்று கேட்டதற்கு, மோந்து பார்ப்பதே பாதி சாப்பிட்ட மாதிரி என்று சூர்யபிரகாஷ் மறுத்தார். முகர்வதும் பிரதிநிதியின் பொறுப்பில் சேர்ந்தது. நிறம் பார்ப்பதற்கு மட்டும் உறுப்பினர்களுக்கு உரிமை இருந்தது.

மூன்றாவதாக வந்தது ஒரு பர்கண்டி ஒயின். ஆலை முதலாளி வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேல் பரணில் நெடுங்காலம் இருந்தது. அது புளித்துக் காடியாக மாறி எத்தனை கோடை ஆனதோ தெரியாது. வாயில் பட்டதும் கிளாட்சனின் முகம் ஒரு பக்கமாகக் கோணி, கண்ணில் நீர் வந்து, தோள் குலுங்கியது. உறுப்பினர்கள் குனிந்து வெகுநேரம் எழுதினார்கள். மன்றத்தின் வரலாற்றில் மிக அதிக மதிப்பெண் பெற்றது அந்தப் பாட்டில்தான். ஆழம், துயரம், மண்ணின் நினைவு என்றெல்லாம் சொற்கள் வந்தன. ராஜராஜன் எழுந்து உரையாற்றினார்.

“குடிக்கிறது யாராலும் முடியும். குடிக்காம ரசிக்கிறதுதான் பண்பாடு. முப்பது வருஷம் இந்த டெல்டாவுக்குத் தண்ணி விட்டவன் நான். ஒரு வயல்லயும் இறங்கினது கிடையாது. அதனாலதான் என் அறிக்கை எல்லாம் நடுநிலையா இருந்துச்சு” என்றார்.

அன்று இரவு கிளாட்சனுக்கு வயிறு எரிந்தது. மோர் கரைத்துக் கொடுத்த ஜாஸ்லின், இத்தனை பேருக்குப் பதிலாக நீங்கள் குடிக்கிறீர்களே, உங்களுக்குப் பதிலாக வயிறு எரிய யாராவது வருவார்களா என்று கேட்டாள்.

பிறகு வானதி விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த பாட்டில் மேடைக்கு வந்தது. வெள்ளை ஒயின். சான்சேர் என்ற ஊரிலிருந்து. நடராசன் அதைக் குளிர்பெட்டியிலேயே வைத்திருந்தார். அன்று பேச வேண்டியவர்கள் இருவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் சூடாவதற்கு முன்பே திறக்கப்பட்டது. கிளாட்சன் வழக்கம்போலக் கண்ணை இறுக்கிக்கொண்டு குடித்தார். நாக்கு இழுக்கவில்லை. எரியவில்லை. கண் தானாகத் திறந்தது. அவரையறியாமல் சிரித்துவிட்டார்.

அட்டைகளில் அதற்குக் கிடைத்தது மிகக் குறைந்த மதிப்பெண். ‘எளிமையான பொருள். பிரதிநிதியின் முகத்தில் போராட்டம் இல்லை’ என்று தலைவர் எழுதினார். ‘இரண்டாவது வாயை யாரும் சொல்லாமலே அருந்தினார்; ஒழுங்கு குறைவு’ என்று சூர்யபிரகாஷ் எழுதினார்.

திரும்பி வரும்போது நடராசனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த கிளாட்சனுக்கு அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை கூட்டங்களில் முதன்முறையாக வாயில் பட்டது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“அண்ணே, இது நல்லா இருந்துச்சுண்ணே. கிடாரங்காய்த் தோலைக் கிள்ளினா ஒரு வாசம் வருமே, அது. இன்னும் கொஞ்சம் குடிக்கலாம்னு தோணுச்சு.”

“அப்படியா? என் பொண்ணு வாங்கினதுல்ல” என்று நடராசன் மகிழ்ந்து போனார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

2024 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆடிப்பெருக்கு. அன்று ஷாம்பெய்ன் திறப்பது என்று மன்றம் முடிவு செய்தது. தலைவரின் மகன் கொண்டுவந்தது. நன்றாகக் குளிரவைத்து, அசைக்காமல் திறக்க வேண்டும் என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மன்றம் அந்தப் பாட்டிலுக்கு ரோஜா மாலை போட்டு, திறந்த ஜீப்பில் வைத்து, நாகஸ்வரத்தோடு கீழவாசலிலிருந்து மண்டபம்வரை ஊர்வலமாகக் கொண்டுவந்தது. சாலையில் ஒரு பள்ளத்தையும் அந்த ஜீப் விடவில்லை. மண்டபத்தில் குத்துவிளக்குக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். ஐந்து பேர் பேசினார்கள். காவிரிக்கும் ஷாம்பெய்னுக்கும் உள்ள நுரைத் தொடர்பு பற்றி ஒருவர் ஆய்வுரை வாசித்தார்.

மூடியின் மேல் ஒரு கம்பி முடிச்சு இருந்தது. அதைத் தலைவர் கத்தரிப்பது என்று ஏற்பாடு. தாம்பாளத்தில் கத்தரிக்கோல் வந்தது. நாகஸ்வரக்காரருக்குச் சைகை காட்ட ஓர் உறுப்பினர் கையைத் தூக்கினார். ராஜராஜன் கத்தரித்தார்.

தக்கை மின்விசிறியில் பட்டுத் தவில்மேல் விழுந்தது. கெட்டிமேளம் தானாகத் தொடங்கியது. நுரை முன்வரிசையை முழுக்க நனைத்து, பின்வரிசைவரை தெளித்தது. பட்டு அங்கவஸ்திரம், திருநீறு, மூக்குக் கண்ணாடி எதையும் விடவில்லை. சூர்யபிரகாஷ் வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் உதட்டை நக்கியதை மூன்று பேர் பார்த்தார்கள்.

உடனே அவசர விவாதம் நடந்தது. மேலே தெளித்தது அருந்தியதாகுமா? தலைவர் எழுந்து, வெளியிலிருந்து வந்து மேலே பட்டது தெளிப்பு; உள்ளே செலுத்தினால்தான் அருந்துதல்; பொருளாளர் நக்கியது தற்காப்பு என்று தீர்ப்பளித்தார். இருந்தாலும் நல்ல நாளில் வாடையோடு வீட்டுக்குப் போக முடியாது. இருபத்திரண்டு பேரும் புது ஆற்றுப் படித்துறைக்குக் குளிக்கப் போனார்கள். சித்திரான்னத்தோடு உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எல்லாம் எழுந்து வழிவிட்டன.

மண்டபத்தில் கிளாட்சன் மட்டும் இருந்தார். பாட்டிலில் பாதி மிச்சம். திறந்த பாட்டிலைச் சுவைக்காமல் கூட்டத்தை முடிக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. நடராசன் படியிறங்கும்போது, “நீ ஆரம்பிச்சிடு தம்பி, நாங்க வந்து முகத்தைப் பார்த்துக்கிறோம்” என்று சொல்லியிருந்தார். கிளாட்சன் காலி நாற்காலிகளுக்கு முன்னால், மணமக்கள் நாற்காலியில், அன்று போர்த்திய பொன்னாடையோடு உட்கார்ந்து ஊற்றிக் குடித்தார். வெதுவெதுப்பான கோலி சோடாபோல இருந்தது. படம் எடுக்கவேண்டிய புகைப்படக்காரர் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்; அதை எடுத்தார்.

இரண்டு நாளில் அந்தப் படம் பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு வந்துவிட்டது. மாலை போட்ட பாட்டில், குத்துவிளக்கு, கையில் கோப்பையோடு கணக்கு வாத்தியார். ‘பண்டிகை நாளில் தனியாகக் கொண்டாடும் ஆசிரியர்’ என்று யாரோ தலைப்பும் கொடுத்திருந்தார்கள்.

பள்ளித் தாளாளர் கிளாட்சனை அழைத்தார். அவர் கெட்டவரல்ல. எதற்காக அங்கே இருந்தீர்கள் என்பதை அந்த மன்றமே வந்து சொன்னால் நிர்வாகக் குழுவைச் சமாளித்துவிடலாம், தலைமையாசிரியர் பதவிக்கும் தடை வராது என்றார்.

கிளாட்சன் நேராக அடுத்த வீட்டுக்குப் போனார். நடராசன் முழுவதும் கேட்டார். அவர் கண்ணும் கலங்கியது. “நான் வர்றேன் தம்பி. நடந்தது நடந்தபடி சொல்றேன். ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்” என்றார்.

மன்றத்தின் அவசரக் கூட்டம் பள்ளி விசாரணைக்கு முந்தின நாள் நடந்தது. கிளாட்சனை உள்ளே விடவில்லை. பிரதிநிதி உறுப்பினர் அல்ல என்பதால் விவாதத்தில் இருக்க முடியாது. மாடிப்படியில் நின்றிருந்தவருக்கு ஒலிபெருக்கியில் எல்லாமே கேட்டது. மன்றத்தில் ஒருவரும் ஒரு சொட்டும் குடித்ததில்லை என்பதே மன்றத்தின் பெருமை என்று ராஜராஜன் பேசினார். “குடிச்சவர் யாரோ அவர் பதில் சொல்லட்டும். குடிக்காதவங்க ஏன் பதில் சொல்லணும்? கரை உடைஞ்சா தண்ணியைத்தான் கேட்கணும், இன்ஜினியரையா கேட்பாங்க?” என்றார். இதுவரை எந்த விசாரணையிலும் அவர் இப்படித்தான் பதில் சொல்லி வந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பலத்த கைதட்டல். படியில் நின்ற கிளாட்சனுக்கு அது தன்னைப் பற்றியது என்று உறைக்கவில்லை. நடராசன் உள்ளே இருக்கிறார் என்ற தெம்பில் இருந்தார்.

மறுநாள் பள்ளி அலுவலகத்தில் நிர்வாகக் குழு உட்கார்ந்தது. நடராசன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். கிளாட்சனைத் தாண்டிப்போய் உட்கார்ந்தார்.

“இவர் உங்க கூட்டத்துல குடிச்சாரா?” என்று தாளாளர் கேட்டார்.

“குடிச்சார்ங்க.”

“நீங்கள்லாம்?”

“நாங்க யாரும் தொடலைங்க. எங்க விதியிலயே அது இருக்கு.”

“இவரைக் குடிக்கச் சொன்னது யாரு?”

“கூப்பிட்டோம்ங்க. கட்டாயப்படுத்தலை. மாட்டேன்னா விட்டிருப்போம்.”

குழுவில் ஒருவர் நடராசன் கொண்டுவந்திருந்த மன்றத்தின் கருத்து அட்டைகளை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். கண் சொருகியது, தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வடிந்தது, காரணமின்றிச் சிரித்தார், யாரும் சொல்லாமலே இரண்டாவது வாய் அருந்தினார். ஒவ்வொன்றின் கீழும் ஊரறிந்த ஒரு பெரிய மனிதரின் கையொப்பம் இருந்தது. ஒரு மனிதன் குடித்துவிட்டு எப்படி இருந்தான் என்பதற்கு இத்தனை பேர் சாட்சி சொல்லி அந்தக் குழு கண்டதில்லை.

“இவர் விருப்பமில்லாம, உங்களுக்காகத்தான் குடிச்சாருன்னு சொல்லலாமா?” என்று தாளாளர் கேட்டார். அவர் ஒரு கதவைத் திறந்து வைக்கிறார் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. நடராசன் ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நடராசன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அப்படிச் சொன்னா பொய்யாயிடும்ங்க. ஒரு தடவை வண்டியில வர்றப்ப, நல்லா இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் குடிக்கலாம்னு தோணுச்சுன்னு அவரே எங்கிட்ட சொன்னார்.”

கிளாட்சன், “அண்ணே” என்றார். நடராசன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கிடாரங்காயை மட்டும் விட்டுவிட்டார்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது நடராசன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நின்றார். “ஏறு தம்பி, வீட்டுக்குத்தானே” என்றார். மன்றத்தின் பெயர் கெடாமல் தப்பித்தது என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. முகத்தைப் பார்த்துப் படிக்கும் கலை கிளாட்சனுக்கும் வந்திருந்தது. அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவரும் ஜாஸ்லினும் ஆட்டோவில் போனார்கள்.

அக்டோபர் 2ஆம் தேதி, மதுவிலக்கு விழிப்புணர்வுக்காக ஒரு சேவை அமைப்பு மன்றத்துக்குக் கேடயம் வழங்கியது. உறுப்பினர்கள் இத்தனை பாட்டில்களுக்கு நடுவே இருந்தும் ஒரு சொட்டும் தொடாதவர்கள் என்று பாராட்டிதழில் இருந்தது. நவம்பரில் மன்றம் புதிய பிரதிநிதியை நியமித்தது.

2025 ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தன. தஞ்சாவூர்ப் பள்ளியில் பணிமூப்பில் கிளாட்சனுக்கு அடுத்து இருந்தவர் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றார். கிளாட்சன் சீர்காழியில் அதே சபை நடத்தும் பள்ளிக்கு மாற்றப்பட்டார். அங்கே ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறார். சாப்பாட்டு மணிக்கு அடுத்த வகுப்பு.